106-ஆம் பிரிவும் ஐசியு செவிலியரும்

இரவு டியூட்டியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் செவிலியர்களுக்கு வணக்கம்.

கருத்தரங்குக்கு வந்த கட்டுரைகளைப் படித்தேன். பல கட்டுரைகள் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. செவிலியர்களுக்கு வினாத்தாள் கொடுத்து, மதிப்பெண் போட்டு, 'போதிய சட்ட அறிவு', 'போதாத சட்ட அறிவு' என்று அட்டவணை இட்டிருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த ஆண்டைச் சரியாக டிக் அடித்தவர், நள்ளிரவில் டியூட்டி டாக்டர் போனில் "நார்அட்ரினலினைக் கூட்டுங்க சிஸ்டர்" என்றால் கேஸ் ஷீட்டில் என்ன எழுதுவார்? இதை எந்த வினாத்தாளும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு, யார் சொன்னார், எந்த அளவு, திருப்பிப் படித்துக் காட்டினேனா, காலையில் டாக்டர் கையெழுத்திட்டாரா? வழக்கு வந்தால் வக்கீல் தேடுவது இந்த வரிகளைத்தான். 'சொன்னபடி செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரி யாரையும் காப்பாற்றாது.

ஸ்பிரிங் மெடோஸ் வழக்கைப் பலரும் பாடத்தில் படித்திருப்பீர்கள். டைபாய்டு வந்த குழந்தைக்கு எழுதப்பட்டது குளோராம்பெனிகால். செவிலியர் தந்தையிடம் வாங்கிவரச் சொன்னதோ குளோரோகுயின் ஊசியான லேரியாகோ. அதை அவரே நரம்பில் ஏற்றினார். குழந்தையின் மூளை மீளமுடியாதபடி பாதிக்கப்பட்டது. ஊசியை டாக்டர் போட வேண்டும் என்று மூத்த மருத்துவர் சொல்லியிருந்தும், அங்கிருந்த டாக்டர் அதைச் செவிலியரிடம் விட்டுவிட்டார். அந்தச் செவிலியரோ எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிவு பெற்றவரல்லர். குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் வழங்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1998-இல் உறுதி செய்தது. ஊழியரின் தவறுக்கு மருத்துவமனை பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதைக் கேட்டு நம்மவர்கள் பலர் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அது இழப்பீட்டுக் கணக்கு மட்டுமே. குற்ற வழக்கில் மருத்துவமனை நமக்குப் பதிலாகக் கூண்டில் ஏறாது.

குற்ற வழக்கில் நம் நிலை மாறியிருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் யாராக இருந்தாலும் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை 5 ஆண்டாக்கியது. சிகிச்சையின்போது தவறும் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு என்று விட்டது. அந்தச் சலுகைக்குத் தேசிய மருத்துவப் பதிவேட்டிலோ மாநில மருத்துவப் பதிவேட்டிலோ பெயர் இருக்க வேண்டும். நம் பெயர் இருப்பது நர்சிங் கவுன்சில் பதிவேட்டில். ஆக, ஒரே படுக்கை, ஒரே நோயாளி, ஒரே தவறு என்றாலும் எழுதியவருக்கு உச்ச வரம்பு 2, ஏற்றியவருக்கு 5. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

2005-இல் வந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு காப்பாற்றாதா என்பீர்கள். பெருத்த அலட்சியம் இருந்தாலன்றிக் குற்ற வழக்கு கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. ஆனால் வழக்குப் பதிவு, கைது பற்றிய அதன் வழிகாட்டுதல்கள் மருத்துவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. அந்த வழக்கே காலியான ஆக்சிஜன் சிலிண்டரில் தொடங்கியது. இன்று ஷிஃப்ட் தொடக்கத்தில் சிலிண்டரைப் பார்த்துக் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் செவிலியர்தான்.

கேஸ் ஷீட்டைப் போலவே ஆள் பற்றாக்குறையும் எழுத்தில் இருக்க வேண்டும். வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்று நெறி இருக்க, மூன்று பேரைப் பார்த்துக்கொள்ளும்படி விடுகிறார்கள். வாயால் முறையிடுவதோடு நிற்காமல் அன்றே நர்சிங் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள், நகலைக் கையில் வையுங்கள்.

பிற்பகல் அமர்வில் 106-ஆம் பிரிவின் விளக்கத்தில் செவிலியரையும் சேர்க்கக் கோரும் தீர்மான வரைவு வைக்கப்படும். அதன் வாசகத்தைச் சட்டக் கல்லூரி நண்பர்கள் திருத்தித் தர வேண்டும். இப்போது முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.