இழை அறுந்தால் என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பேராசிரியப் பெருமக்களே, என்னோடு சேர்ந்து அந்தப் பாடத்தைக் கவனிக்காமல் இருந்த நண்பர்களே, மாணவச் செல்வங்களே!

செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்க" என்றார். "கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பதினைந்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்" என்றார். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நான் சொல்லப்போவது ரோல் பிளேயிங் கேம் என்கிற வகை. நம்ம ஊர்ப் பாஷையில் சொன்னால் வேஷம் கட்டும் விளையாட்டு. வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, திருடனாகவோ நீங்கள் ஒரு வேஷம் கட்டிக்கொண்டு ஒரு கற்பனை உலகத்துக்குள் போகிறீர்கள். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று காகிதமும் பகடையும் வைத்து ஆடும் ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். கம்ப்யூட்டரில் இன்று வரும் இவ்வகை விளையாட்டுகளில் பாதிக்கு மேல் அதற்குப் பேரப்பிள்ளை முறை.

2002-ல் நாங்கள் மூன்று பேர். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஒருவனைச் 'சண்டை' என்றும், இன்னொருவனைப் 'பிராகாரம்' என்றும் வைத்துக்கொள்வோம். என்னைக் 'குழப்பம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

பிராகாரத்தின் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கட்டில் தறி. தறிக்கு இந்தப் பக்கம், சுவரோரமாக, பழைய விலைக்கு வாங்கிய ஒரு கம்ப்யூட்டர். சென்னையிலிருந்து சி.டி. வரும். எப்படி வந்தது என்று தயவுசெய்து இந்த மேடையில் கேட்காதீர்கள். அந்தப் பக்கம் அவன் அப்பா தறி நெய்துகொண்டிருப்பார். இந்தப் பக்கம் நாங்கள் ராட்சசர்களை வதம் செய்துகொண்டிருப்போம். இரண்டு சத்தமும் சேர்ந்துதான் கேட்கும்.

முதலில் சண்டையின் கட்சி. அவனுக்குக் கதை வேண்டாம், ஊர் வேண்டாம். போர் ஒன்று போதும். 'டயாப்லோ' ஆட்டத்தில் அவன் தட்டிய தட்டில் எங்கள் மௌஸ் இரண்டு போயிற்று. பிறகு 'பால்டர்ஸ் கேட்' வந்தது. 1998-ல் வெளியான விளையாட்டு. அதில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போர்க்களம் அப்படியே உறைந்து நிற்கும். யோசித்து, ஆளுக்கொரு கட்டளை கொடுத்து, மறுபடி ஓடவிடலாம். அடி விழுமா விழாதா என்பதை உள்ளே உருளும் பகடை தீர்மானிக்கும்.

வைகுண்ட ஏகாதசி இராத்திரியில் பரமபதம் ஆடுகிறோமே, அதில் எல்லாமே தாயம்தான். பாம்பு கடித்தால் இறங்க வேண்டியது, ஏணி கிடைத்தால் ஏற வேண்டியது. நம் மூளைக்கு அங்கே வேலையில்லை. சதுரங்கத்தில் தாயமே கிடையாது, எல்லாம் மூளை. "இது இரண்டுக்கும் நடுவுல இருக்குடா. தாயம் விழறது விதி, எங்க நின்னு போடறோம்ங்கறது மதி" என்பான் சண்டை. பரீட்சைத் தாளில் அவன் இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

2011-ல் 'டார்க் சோல்ஸ்' வெளிவந்தபோது, சிங்கப்பூரிலிருந்து நடு இராத்திரியில் எனக்குப் போன் போட்டான். ஹிடேடகா மியாசாகி என்ற ஜப்பானியர் இயக்கிய விளையாட்டு. அதில் செத்துப்போனால், சேர்த்ததெல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். போகும் வழியில் இன்னொரு தடவை செத்தால் அத்தனையும் போச்சு. "எதிரி கத்தியை ஓங்கறப்ப அவன் தோளைப் பாரு, கத்தியைப் பாக்காதே" என்றான். இருபது தடவை தோற்றபிறகு, அந்த எதிரியை நாம் ஒரு பாட்டைப்போல மனப்பாடம் செய்திருப்போம். நல்ல சண்டை என்றால் அதுதான் என்று அவன் கட்சி.

இரண்டாவது பிராகாரம். அவனுக்குச் சண்டை முக்கியமில்லை, இடம் முக்கியம். லெவல் டிசைன் என்பார்கள். எங்கே கதவு, எங்கே படிக்கட்டு, எதை முதலில் காட்டுவது, எதை ஒளிப்பது என்கிற சாஸ்திரம். இதை அவன் கம்ப்யூட்டரில் கற்கவில்லை, காஞ்சிபுரத்தில் கற்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கைலாசநாதர் கோயிலுக்கு இழுத்துப்போனான். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் கட்டியது. திருச்சுற்று முழுக்க 58 சிறு சந்நிதிகள். கருவறையைச் சுற்றி ஒரு குறுகிய பாதை. அதற்குள் நுழைவதும் வெளியே வருவதும் தவழ்ந்துதான். அந்தச் சுற்று சுற்றினால் மறுபிறவி இல்லை என்று நம்பிக்கை. தவழ்ந்து வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "பாத்தியா, ஒரு வார்த்தை பேசாம, உடம்பை வச்சே ஒரு கதையைச் சொல்லிட்டான்." அடுத்த வாரம் வைகுண்டப் பெருமாள் கோயில். மூன்று தளத்தில் மூன்று சந்நிதி. கீழே சுற்று மண்டபச் சுவர் முழுக்கப் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது. நடந்தால் கதை நகரும், நின்றால் கதை நிற்கும்.

'மோரோவிண்ட்' என்ற விளையாட்டு 2002-ல் வந்தது. அதில் வழி காட்ட அம்புக்குறி கிடையாது. "பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பு, பாறைக்குப் பக்கத்தில் குகை" என்று வாய்மொழியாகத்தான் வழி. நாங்கள் தொலைந்துபோனோம், பிராகாரம் தொலையவில்லை. சின்ன வயதிலிருந்தே ஏகாம்பரநாதர் கோயில் இராஜகோபுரத்தைப் பார்த்தே திசை கண்டுபிடித்து வளர்ந்தவன். 2022-ல் வந்த 'எல்டன் ரிங்' ஆட்டத்தில், எங்கே நின்றாலும் தெரிகிற மாதிரி ஒரு பொன்மரம் நிற்கும். அதைப் பார்த்ததும் எனக்கு நம்ம கோபுரம்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாவது கட்சி என்னுடையது. எனக்கு வேண்டியது தேர்வு. பரீட்சைத் தேர்வு இல்லை. இதைச் செய்வதா, அதைச் செய்வதா என்கிற தேர்வு. யாரைக் காப்பாற்றுவது, யாரைக் கைவிடுவது? ஒவ்வொரு முடிவுக்கு முன்னாலும் சேமித்து வைத்துக்கொள்வேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பி இன்னொன்றைப் பார்ப்பேன். ஒரு இராத்திரியில் ஒரே கேள்விக்கு நான்கு பதில் சொன்னவன் நான். குழப்பம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஒரு நாள் 'மோரோவிண்ட்'டில், ஒரு வீட்டுச் சாமானுக்கு ஆசைப்பட்டு ஓர் ஆளைக் கொன்றுவிட்டேன். அவன் கதைக்கு முக்கியமானவன் என்று எனக்குத் தெரியாது. திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. அதன் பொருள் இதுதான்: விதியின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பி நெசவைச் சரிசெய்துகொள், இல்லாவிட்டால் நீயே கெடுத்த இந்த உலகத்தில் தொடர்ந்து இரு. நான் சேமித்து வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது! தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

தறியை நிறுத்திவிட்டுப் பிராகாரத்தின் அப்பா கேட்டார். "இன்னா தம்பி ஆச்சு?"

"இழை அறுந்துபோச்சுப்பா. ஒரு வார ஆட்டம் வீண்."

அவர் சிரித்தார். "இழை அறுந்தா இன்னா? தறியில தெனம்தான் அறுந்துபோவுது. முடிச்சு போட்டு மேல நெய்ய வேண்டியதுதான். அதுக்குன்னு நெய்தது மொத்தத்தையும் யாராச்சும் பிரிப்பாங்களா?"

நாங்களும் சிரித்தோம். நான் அந்த ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, முதலிலிருந்து புதிதாக ஆரம்பித்தேன்.

2003-ல் படிப்பு முடிந்தது. எனக்கும் பிராகாரத்துக்கும் பெங்களூரில் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. அந்த மாதம்தான் அவன் அப்பாவுக்கு வலது தோள் விழுந்துபோனது. கோர்வைப் புடவை ஒருவரால் நெய்கிற காரியம் இல்லை. உடலையும் கரையையும் கோத்து நெய்யப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். தோள் போன மனிதருக்கு இரண்டு கை வேண்டும். பிராகாரம் பெங்களூர் வரவில்லை என்றான்.

நான் அவன் வீட்டு முன்கட்டிலேயே நின்று கத்தினேன். "இது தப்பான சாய்ஸ்டா! இன்னும் நேரமிருக்கு, மாத்திக்கோ. இந்தத் தறி இன்னும் பத்து வருஷம் ஓடுமா?" தறிச் சத்தம் சட்டென்று நின்றது. அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசினேன். இன்றுவரை எனக்கே சரியாகத் தெரியவில்லை. பிறகு பதினாறு வருஷம் எங்களுக்குள் பேச்சில்லை.

2012-ல் 'மாஸ் எஃபெக்ட்' என்ற விண்வெளிக் கதை மூன்றாம் பாகத்தோடு முடிந்தது. ஆட்டக்காரர் எடுத்த முடிவுகளை முதல் பாகத்திலிருந்து நினைவில் வைத்திருந்த விளையாட்டு அது. கடைசியில் பார்த்தால், எல்லாரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான மூன்று முடிவுகளில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. உலகமெங்கும் ரசிகர்கள் கொதித்தார்கள். கம்பெனிக்காரர்கள் அதே ஆண்டு ஜூனில் முடிவை நீட்டித்து, விளக்கி, இலவசமாக வெளியிட வேண்டியதாயிற்று. "முடிவு ஒன்றுதான் என்றால் நான் தேர்ந்தெடுத்ததற்கு என்ன அர்த்தம்?" என்று கத்திய கோஷ்டியில் நானும் ஒருவன்.

அப்புறம்தான் கூத்து ஞாபகம் வந்தது. என் தாய்வழி ஊர் செய்யாறு பக்கம். அந்த வட்டாரத்தில் புரிசைக் கூத்து பிரசித்தம். காஞ்சிக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் பிள்ளைகளுக்குக் கூத்தும் படிப்பும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தது. சின்ன வயதில் விடிய விடிய 'கர்ண மோட்சம்' பார்த்திருக்கிறேன். கர்ணன் சாவான் என்று தெரியாதவன் அங்கே ஒருத்தனும் இல்லை. கர்ணனுக்கே தெரியும். தன் பிறப்பு தெரிந்தபிறகும், தோற்கப்போகிற பக்கத்தை விட்டு அவன் நகரவில்லை. முடிவு மாறாத கதையில் எதைப் பார்க்க ஊரே கண்விழிக்கிறது? அவன் எப்படி நிற்கிறான் என்று பார்க்கத்தான்.

2015-ல் 'விட்சர்' மூன்றாம் பாகம் வந்து மிச்சத்தையும் கற்றுக்கொடுத்தது. அதில் மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவி. விடுவித்தால் சில அநாதைக் குழந்தைகள் பிழைக்கும், ஆனால் வேறொரு குடும்பம் அழியும். கொன்றால் அந்தக் குடும்பத்தில் உயிர் மிஞ்சும், குழந்தைகள் போய்விடும். விளைவு தெரியும்போது நாம் வெகுதூரம் வந்திருப்போம். சரியான விடை என்று ஒன்று அங்கே கிடையாது. நான் ஒரு நண்பனிடம் "தப்பான சாய்ஸ்" என்று கத்தியது அன்றைக்குத்தான் காதில் திரும்பக் கேட்டது.

2019-ல் அத்தி வரதர் எழுந்தருளினார். 1979-க்குப் பிறகு, நாற்பது வருஷம் கழித்து. ஜூலை மாதக் கடைசியில் தரிசனத்துக்கு வந்தேன். கூட்டத்தில் நசுங்கி வெளியே வந்தபோது, குளத்துக்கடியில் நாற்பது வருஷத்துக்கொரு முறை மட்டும் திறக்கிற ஓர் அறையை எந்த லெவல் டிசைனர் வைப்பான் என்று பிராகாரத்திடம் கேட்கத் தோன்றியது. கால் தானாகப் பிள்ளையார்பாளையம் போயிற்று.

தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. அதே வீடு. பத்து வருஷம் ஓடாது என்று நான் சொன்ன தறி பதினாறாவது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பிராகாரமும் அவன் மனைவியும் உட்கார்ந்து கோர்வை நெய்துகொண்டிருந்தார்கள். சுவரில் அப்பாவின் படம். மாலை போட்டிருந்தது.

"அஞ்சு வருஷமாச்சுடா" என்றான். "உன்னை ரெண்டு மூணு தரம் கேட்டாரு. 'அந்த இழை அறுந்த புள்ள எங்கப்பா?'ம்பாரு."

நண்பர்களே, பழைய சேமிப்புக்குத் திரும்ப முடியாது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

காபி வந்தது. "தொழில் எப்படிடா?" என்றேன். "கஷ்டம்தான். பொய் சொல்ல மாட்டேன்" என்றான். ஜக்கார்டு அட்டைக்கான டிசைன் கிராஃபைக் கம்ப்யூட்டரில் அவனே போடுகிறான், மற்ற தறிக்காரர்களுக்கும் போட்டுக்கொடுக்கிறான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "நீ கெடுத்து விட்டுட்டுப் போனியே ஒரு ஆட்டம், அதை நான் முடிச்சேன், தெரியுமா?"

எனக்குப் புரியவில்லை. "அதுக்குப் பின்பக்கமா ஒரு வழி வச்சிருக்கான். ரொம்பச் சுத்து வழி. அந்த ஆள் இல்லாமலே கடைசிவரைக்கும் போயிடலாம். நீ போன வருஷம், இராத்திரி தறி வேலை முடிஞ்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆடி முடிச்சேன். அப்பா பக்கத்துல உக்காந்து பாத்தாரு."

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் விளையாட்டு உருவாக்கும் தொழிலுக்குப் போவீர்கள். புனேயில் ஒரு சிறிய குழு 2020-ல் 'ராஜி' என்று நம் புராணத்தை வைத்து ஒரு விளையாட்டைச் செய்து உலகம் முழுக்க விற்றது. உங்களுக்கு ஊர் முழுக்கப் பாடம் இருக்கிறது. கைலாசநாதர் கோயிலில் ஒருமுறை தவழ்ந்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரைத் திறங்கள். இன்னொருவன் எடுத்த முடிவைத் தப்பு என்று சொல்வதற்கு முன், அவன் பக்கத்துத் தறிக்காரர் யார் என்று பாருங்கள்.

பழைய மாணவ நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். யாரிடமாவது பேச்சு அறுந்திருந்தால், இன்று சாப்பாட்டுப் பந்தியில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். முடிச்சு கொஞ்சம் தெரியத்தான் செய்யும். பரவாயில்லை.

பிராகாரம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பதினைந்து நிமிஷம் ஆயிற்று என்று கடிகாரத்தைக் காட்டுகிறான். சண்டை அவன் பக்கத்தில் தூங்குகிறான்.