கடற்கரை வீட்டுக்குக் கடதாசிப்பூ

கல்முனை, மருதமுனைக் கடலோர வீடுகளில் ஆசையாய் நட்ட ரோசாக் கன்று கச்சான் காற்றில் கருகினால் மனம் நோகத்தான் செய்யும். மணலில் ஈரம் நிற்காது, காற்றிலும் உப்பு.

இந்த மண்ணுக்கு ஏற்றது கடதாசிப்பூ எனும் போகன்விலா. 1767இல் பிரெஞ்சுக் கப்பலில் போன தாவரவியலாளர் கொமெர்சன் பிரேசிலில் கண்ட செடி. கிட்டப்போய்ப் பாருங்கள்: நிறமாய்த் தெரிவது இதழல்ல, இலை. நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. வேர் பிடித்தபின் தண்ணீரைக் குறையுங்கள். கூடினால் இலைதான் தழைக்கும்.

பட்டிப்பூவும் இந்த உப்புக் காற்றைத் தாங்கும். அலரியும் தாங்கும், ஆனால் நஞ்சு. சிறுபிள்ளைகளும் ஆடுகளும் உள்ள வளவில் தயவுசெய்து வேண்டாம்.

மாரி மழை தொடங்கும் ஒக்டோபரில், குழியில் மக்கிய மாட்டெரு போட்டுக் கன்றை நடுங்கள்.