இருமலைக் கேட்டது போதும், சட்டையைத் தூக்கிப் பாருங்க

(ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கைக்குழந்தைகளின் தாய்மார்களுக்காக நடந்த கூட்டத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பால் கொடுக்கிறவங்க கொடுத்துக்கிட்டே கேட்கலாம், தூங்க வைக்கிறவங்க ஆட்டிக்கிட்டே கேட்கலாம். பாட்டிமார்களும் வந்திருக்கீங்க, அது எனக்கு ரொம்ப சந்தோஷம். ராத்திரி 2 மணிக்குக் குழந்தைக்கு மூச்சு வாங்கினால், ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு எடுப்பது பல வீடுகளில் நீங்கள்தான்.

முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். என் பகுதியில் இருக்கிற ஒரு பெண் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாள். நாலு மாசக் குழந்தை இருமுகிற சத்தம். கூடவே, "அக்கா, நெஞ்சுல சளி கட்டியிருக்கு, என்ன சொட்டு மருந்து கொடுக்கட்டும்?" என்று கேட்டிருந்தாள். இருமல் அப்படி ஒன்றும் பலமாக இல்லை. "மருந்து எதுவும் வேண்டாம்மா, காலையில கூட்டிட்டு வா" என்று பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

தூக்கம் வரவில்லை. பால் குடிக்கிறானா என்று கேட்காமல் விட்டோமே என்று உறுத்தியது. போன் செய்தேன். "சாயங்காலத்துல இருந்து சரியா குடிக்கலைக்கா. ரெண்டு வாய் இழுத்துட்டு விட்டுடறான். ஆனா இப்ப அழுகைய நிறுத்திட்டு அமைதியா இருக்கான்" என்றாள். அந்த "அமைதியா" என்ற வார்த்தைதான் என்னை எழுந்து உட்கார வைத்தது. குழந்தையின் சட்டையைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 68 மூச்சு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். ஆக்சிஜன் வைத்து, ஐந்து நாள் உள்நோயாளியாக இருந்து, பிள்ளை நல்லபடியாக வீட்டுக்கு வந்தான். ஆனால் என் முதல் பதிலோடு விட்டிருந்தால்? அதை இன்னும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இருமல் சத்தம் நோயின் அளவைச் சொல்லாதுங்க. நல்லா குடித்து, சிரித்து, பெரிதாக இருமுகிற குழந்தைக்கு வெறும் சளியாக இருக்கலாம். இருமலே இல்லாமல் வேகமாக மூச்சு வாங்குகிற குழந்தைக்கு நிமோனியா இருக்கலாம். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் ரொம்பக் குறுகலானது. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும், கொஞ்சம் சளி அடைத்தாலும், காற்று போகிற வழி பாதியாகிவிடும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் குழந்தை வேக வேகமாக மூச்சு விடுகிறது. மணிக்கணக்கில் அப்படியே விட்டால் களைத்துப் போகும். களைத்த குழந்தை அழாது. நாம் "தேவலையாயிடுச்சு" என்று நினைத்துப் போர்த்திவிடுவோம்.

அதனால் மூச்சை எண்ணக் கத்துக்கணும். உங்கள் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, அது போதும். குழந்தை தூங்கும்போது, இல்லை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுசாக ஒரு நிமிஷம் எண்ணணும். பச்சைக் குழந்தைகள் சில விநாடி நிறுத்தி நிறுத்தி மூச்சு விடும் என்பதால் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குகிற கணக்கு இங்கே சரிவராது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. இரண்டு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வயது வரை 50. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40. சந்தேகமாக இருந்தால் இன்னொரு தடவை எண்ணுங்கள். அப்போதும் அதே கணக்கு வந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும், டாக்டரிடம் காட்டணும்.

எண்ணும்போதே விலாவையும் பாருங்கள். குழந்தைகள் வயிற்றால் மூச்சு விடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால்தான் ஆபத்து. அது தெரிந்தாலோ, மூக்கு விடைத்தாலோ, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ, துவண்டு எழுப்ப முடியாமல் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் காய்ச்சல், உடம்பு சில்லிடுவது, பால் மறுப்பது இதில் ஒன்றே போதும், கிளம்பிவிட வேண்டும்.

108-ல் பேசும்போது குழந்தையின் வயதையும் "மூச்சுத் திணறல்" என்பதையும் முதலில் சொல்லுங்கள். பிறகு ஊர், தெரு, பக்கத்தில் இருக்கிற கோயிலோ ரேஷன் கடையோ ஏதாவது ஒரு அடையாளம். வண்டி வரும் வரை போனை வேறு யாருக்கும் பேசக் கொடுக்காதீர்கள். அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். சிலர் அவசரத்தில் டூ வீலரில் கிளம்பி, காற்று படக்கூடாது என்று துண்டால் குழந்தையின் முகத்தையே மூடிவிடுகிறார்கள். ஏற்கனவே காற்றுக்குத் திணறுகிற பிள்ளை அது! உடம்பைப் போர்த்துங்கள், முகத்தைத் திறந்து விடுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள். செலவை நினைத்தும் தயங்காதீர்கள். அரசு மருத்துவமனையில் ஒரு வயது வரை குழந்தையின் சிகிச்சைக்கும் மருந்துக்கும் போக்குவரத்துக்கும் காசு கிடையாது.

சாதாரண சளிதான் என்றால் தாய்ப்பால்தான் முக்கியம். மூக்கடைத்த குழந்தையால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் டாக்டர் சொன்ன உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டு, மெல்லிய துணியால் துடைத்துவிடலாம். இருமல் சிரப் வாங்காதீர்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையே அறிவுறுத்தியிருக்கிறது. மூத்த பிள்ளைக்கு வாங்கி மிச்சம் இருக்கிற ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம்.

பாட்டிமார்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. குளிப்பாட்டி முடித்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவது நம்ம வீட்டு வழக்கம்தான், எனக்கும் அந்த வாசனை பிடிக்கும். ஆனால் அந்தப் புகை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. கொசுவத்திப் புகையும் பீடிப் புகையும் விறகடுப்புப் புகையும் அப்படியேதான். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறோமே, கற்பூரம் கைக்குழந்தைக்கு விஷம், வலிப்பே வரலாம். மூக்கில் எண்ணெய் விட்டால் நேரே நுரையீரலுக்குப் போகும். குளிப்பாட்ட வருகிறவர் மூக்கில் வாய் வைத்து ஊதுவதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்கள் வளர்த்த பிள்ளைகள் நல்லா இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கிறார்கள்தான். இல்லாமல் போன பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று போன் வைத்திருக்கிறவர்களுக்கு. ஆக்சிஜன் அளவு காட்டுவதாகச் சொல்லும் ஆப்களை நம்ப வேண்டாம். பெரியவர்கள் விரலில் மாட்டுகிற கிளிப் கைக்குழந்தைக்குச் சரியாகக் காட்டாது. சந்தேகம் கேட்க 104 இருக்கிறது. எனக்கு அனுப்புவதானால் குரல் பதிவு வேண்டாம், சட்டையில்லாமல் ஒரு நிமிஷ வீடியோ அனுப்புங்கள். ஆனால் நான் பார்த்துப் பதில் போடும் வரை காத்திருக்காதீர்கள். நானும் தூங்கிப் போயிருக்கலாம்.

தடுப்பூசி அட்டையைப் புரட்டிப் பாருங்கள். நிமோனியாவுக்கு எதிரான பிசிவி தடுப்பூசி 2021 முதல் நம் மாநிலத்தில் இலவசமாகப் போடுகிறோம்: ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம். பெண்டாவேலண்ட் ஆறு, பத்து, பதினாலாவது வாரங்களில். தவறவிட்டவர்கள் வெட்கப்பட வேண்டாம், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

சரி, இப்போது எல்லாரும் போனை எடுங்கள், ஸ்டாப்வாட்சைத் திறங்கள். அதோ ஜன்னல் ஓரத்தில் பாட்டி மடியில் ஒரு பாப்பா அசந்து தூங்குகிறாள். பாட்டிம்மா, அவள் சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிடுங்க. நான் "ஆரம்பம்" என்றதும் எல்லாரும் மனசுக்குள்ளே எண்ணுங்கள். யாருக்கு எத்தனை வருகிறது, பார்ப்போம்.