காய்கறி உணவும் குருதி அழுத்தமும்



மரக்கறி உண்போர்க்குக் குருதி அழுத்தம் வாராது என்னும் நம்பிக்கை தமிழ்ச் சமண இல்லங்கள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. அது முழு உண்மையன்று. புலால் உண்ணாமை வேறு. காய்கறி உண்ணுதல் வேறு. காலையில் இட்டலி, நண்பகலில் வெண்சோறும் சாம்பாரும், தொட்டுக்கொள்ள ஊறுகாயும் அப்பளமும், பொழுது சாயுமுன் உப்புமா என்று ஒரு நாள் கழிந்தால், அந்த இலையில் புலால் இல்லைதான். ஆயினும் காய்க்கும் கீரைக்கும் அதில் கிடைத்த இடம் எவ்வளவு? ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல், அவ்வளவே.

குருதி அழுத்தம் 140/90 என்னும் அளவைத் தொடர்ந்து தாண்டி நிற்பின் மருத்துவர் அதனை நோய் என்பர். பெரும்பாலோர்க்கு அது எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகக் கேடாகவோ வெளிப்படும்போதுதான், அது பல்லாண்டு உடனிருந்தமை தெரியவரும்.

இந்நோய்க்கு உணவால் பயன் உண்டா என்பதை அமெரிக்க நாட்டில் முறையாக ஆராய்ந்தனர். ‘டேஷ்’ எனப்படும் அவ்வாய்வின் முடிவு 1997இல் வெளியாயிற்று. 459 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டு எட்டு வாரங்கள் மூவகை உணவு உண்டனர். உப்பின் அளவும் உடல் எடையும் மாறாமல் பார்த்துக்கொள்ளப்பட்டன. காய்கனிகளை மட்டும் மிகுத்து உண்டவர்க்கு அழுத்தம் ஓரளவு தாழ்ந்தது. காய்கனிகளோடு கொழுப்பு நீக்கிய பால்பொருள்களையும் சேர்த்து, கொழுப்பைக் குறைத்து உண்டவர்களுள் ஏற்கெனவே உயர் அழுத்தம் உடையார்க்கு மேல் எண் சராசரியாக 11 புள்ளிக்குமேல் தாழ்ந்தது. இஃது ஒரு மாத்திரையின் பயனுக்கு நிகரானது. அவ்வாய்வில் பங்குகொண்டோர் புலால் நீக்கியவர் அல்லர் என்பதையும் மறையாது சொல்லவேண்டும். அழுத்தம் தாழ்ந்தமைக்குக் காரணம் அவர்கள் இலையிலிருந்து நீக்கியது மட்டுமன்று, சேர்த்ததும் ஆகும்.

சேர்த்தவற்றுள் முதன்மையானது பொட்டாசியம். உப்பிலுள்ள சோடியம் உடலில் நீரைத் தேக்கிக் குருதியின் கனத்தைக் கூட்டுகிறது. பொட்டாசியமோ அச்சோடியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றுமாறு சிறுநீரகத்தைத் தூண்டுவதோடு, குருதிக் குழாய்ச் சுவரின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. நாளொன்றுக்குச் சுமார் 3.5 கிராம் பொட்டாசியம் வேண்டும் என்பதும், உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்கவேண்டும் என்பதும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. கீரையின் பச்சை நிறத்திலேயே மக்னீசியம் குடிகொண்டுள்ளது. அதுவும் குழாய்கள் தளர உதவுகிறது.

இனி ஓர் ஐயம் எழலாம். பொட்டாசியத்துக்கு உருளைக்கிழங்கையும், அழுத்தம் தணிக்கப் பீட்ரூட் சாற்றையும் இதழ்கள் எடுத்துக்காட்டுகின்றன. கிழங்கும் வேரும் விலக்கியவர் என் செய்வது? காரியாசான் என்னும் சமணப் புலவர் ஐந்து வேர்களாலான மருந்தின் பெயரையே தம் நூலுக்குச் சூட்டிச் சிறுபஞ்சமூலம் என்றார், அது மருந்துக்கு. அன்றாட உணவுக்கு வேரை நாடவேண்டிய தேவையே இல்லை. பீட்ரூட்டின் ஆற்றல் அதிலுள்ள நைட்ரேட்டால் வருவது. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மாற்ற, உடலில் அது நைட்ரிக் ஆக்சைடாகிக் குழாய்களை விரிக்கிறது. அந்த நைட்ரேட் தண்டுக்கீரை, பசலைக்கீரை முதலிய இலைகளிலும் நிறைய உண்டு. பொட்டாசியமோ முருங்கைக்கீரை, வாழைக்காய், வாழைத்தண்டு, பூசணி, துவரை, பாசிப்பயறு, கொள்ளு, இளநீர் ஆகியவற்றில் கிடைக்கிறது. வந்தவாசியிலும் ஆரணியிலும் திண்டிவனத்திலும் கொல்லையிலேயே விளைவன இவை.

சமைக்கும் முறையும் கருதத்தக்கது. நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டினால் பொட்டாசியத்தின் பெரும்பங்கு அந்நீரோடு போய்விடும். சிறிதளவு நீரில் மூடி வேகவைத்து, எஞ்சும் நீரைக் குழம்பிலோ இரசத்திலோ சேர்ப்பது நன்று. கீரைக்கூட்டில் உப்பைக் குறைத்துவிட்டு அருகில் வடுமாங்காயும் மோர்மிளகாயும் வைத்தால் குறைத்ததன் பயன் என்ன? உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள் ஊறுகாய், அப்பளம், வடகம், கடைச் சிப்ஸ் ஆகியனவே. அதே ‘டேஷ்’ உணவோடு உப்பையும் குறைத்தபோது அழுத்தம் மேலும் தாழ்ந்ததை 2001இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும். முதல் பத்து நாள்தான் வீட்டாரின் முணுமுணுப்பு.

முதியோர் இருக்கும் இல்லங்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்குப் பொட்டாசியம் நன்மை செய்யாது. குருதியில் தேங்கி இதயத்தின் துடிப்பையே குலைக்கும். அத்தகையோர்க்கு மருத்துவர், காயை வேகவைத்த நீரை வடித்துவிடுமாறு சொல்வதும் உண்டு. அழுத்த மாத்திரைகளுள் சிலவும் பொட்டாசியத்தை உடலில் தேக்கும் இயல்பின. ஆகவே ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று கடையில் விற்பதை, அதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், மருத்துவரைக் கேளாமல் வாங்குதல் கூடாது. குருதி உறையாதிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர் கீரையை ஒரு நாள் மிகுத்தும் மறுநாள் விடுத்தும் உண்ணாமல் ஒரே அளவாக உண்ணவேண்டும்.

கீரை உண்ணத் தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் உளர். அழுத்தம் தாழ்ந்திருப்பின் அதனை அளந்து பார்த்து மாத்திரையைக் குறைக்க வேண்டியவர் மருத்துவரே. வாரம் இருமுறை வீட்டில் அளந்து, நாளும் எண்ணும் குறித்த ஏட்டை அவரிடம் காட்டினால் அவர்க்கும் முடிவு செய்தல் எளிதாகும்.