தலை எண்ணிப் போகும் பயணம்



கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். உலகத்திலேயே விமானங்கள் மிக நெருக்கமாகப் பறக்கிற பன்னாட்டுத் தடங்களில் அதுவும் ஒன்று. அப்படியிருக்க, சுமார் 350 கிலோமீட்டரை ஐந்தாறு மணி நேரம் பேருந்தில் எதற்குக் கடக்க வேண்டும்? தனியாகப் போகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். நாலு நண்பர்களாக விடுமுறைக்குப் போகிறவர்கள் கேட்கத் தேவையில்லை.

விமானத்தில் நண்பர்கள் ஆளுக்கொரு வரிசையில் சிதறிவிடுவார்கள். வாடகைக் காரில் ஒருவருக்கு ஓட்டுகிற வேலை, இன்னொருவருக்கு வழி பார்க்கிற வேலை. பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை. ஊரில் பேச முடியாமல் போனதையெல்லாம் பேசத் தோதான இடம் அது.

பயணம் தொடங்குவது டி.பி.எஸ். பேருந்து நிலையத்தில். கோலாலம்பூரின் தெற்குப் பகுதியான பண்டார் தாசிக் செலாத்தானில், 2011இல் அது திறக்கப்பட்டது. தெற்கே போகும் பேருந்துகள் அதற்கு முன்பு நகர நடுவில் உள்ள புடுராயா நிலையத்திலிருந்து கிளம்பின. புதிய நிலையத்தில் மின்பலகை, வாயில் எண், காத்திருப்புக் கூடம் எல்லாமே விமான நிலையத்தைப் போலவே இருக்கும். நல்ல பேருந்துகளில் ஒரு பக்கம் இரட்டை இருக்கை, மறு பக்கம் ஒற்றை இருக்கை. பேச்சுத்துணை வேண்டியவர்கள் இரட்டையில், தூக்கம் வேண்டியவர் ஒற்றையில் என்று பாதி வழியில் இடம் மாறிக்கொள்வது நண்பர் கூட்டத்தின் வழக்கம். குளிர்சாதனம் கடுமையாக இருக்கும். கைப்பையில் ஒரு துண்டோ சால்வையோ அவசியம்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிரம்பான் தாண்டியதும் இரு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள் விடாமல் வரும். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் பால்மரக் (ரப்பர்) காடு. பால் வெட்டப் போன தமிழர்கள் அதிகாலை இருட்டில் நடந்த மண் இது. விமான ஜன்னலில் வெறும் பச்சைத் திட்டாகத் தெரிவது பேருந்து ஜன்னலில் மரம் மரமாக, வரிசை வரிசையாக விரிகிறது. நடுவில் ஏதாவது ஓர் ஓய்விடத்தில் வண்டி நிற்கும். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் ஒன்று, தே தாரிக் தேநீர் ஒன்று, கழிப்பறைக்கு ஒரு நடை. ஓட்டுநர் சொல்லும் நேரத்தை ஒருவராவது காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பயணத்தின் உயிரே எல்லையில்தான் இருக்கிறது. முதலில் ஜோகூர் பாருவில் மலேசியக் குடிநுழைவுச் சோதனை. எல்லோரும் இறங்கி, சோதனையை முடித்து, மறுபடி ஏற வேண்டும். பிறகு இரு நாடுகளையும் இணைக்கும் 1,056 மீட்டர் நீளமுள்ள கடற்பாலம். 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட அதை, 1942 ஜனவரியின் கடைசி நாளில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே வெடிவைத்து உடைத்தது. ஜப்பானியர்கள் அதைச் சரிசெய்துகொண்டு கடந்தார்கள். இன்று உலகின் மிக நெரிசலான தரைவழி எல்லைகளில் ஒன்று அது. பாலம் முடிந்ததும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ். அங்கே பெட்டி படுக்கையோடு இறங்கி, இன்னொரு சோதனை.

நண்பர்கள் பிரிவதும் இங்கேதான். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்பவர் தானியங்கிக் கதவில் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார். இந்தியாவிலிருந்து வந்தவர் நீண்ட வரிசையில் நிற்பார். ஒருவர் பையில் சூயிங் கம் இருக்கும். 1992இலிருந்து சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரத் தடை. கீழே வந்தால் ஒரே மாதிரியான பேருந்துகள் பத்து நிற்கும். ஓட்டுநரும் வெகுநேரம் காத்திருக்க மாட்டார். வண்டியின் பதிவெண்ணை இறங்கும்போதே படம் எடுத்துக்கொண்டவர்தான் அப்போது கூட்டத்தின் தலைவர். முன்னால் வந்தவர் படிக்கட்டில் நின்று ஓட்டுநரிடம், "இன்னும் ஒருத்தர் வரணும் அண்ணே" என்கிறார். கடைசி ஆள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறார். ஏறியதும் ஒரு தரம், கதவு மூடியதும் ஒரு தரம் தலை எண்ணுகிறார்கள். சரியாக இருந்தால் ஒரு கைதட்டல். அழகான சுற்றுலாப் புகைப்படங்கள் ஆயிரம் எடுத்தாலும், நண்பர்கள் பின்னாளில் கூடும்போது பேசுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையிலும், பள்ளி விடுமுறையிலும், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியை ஒட்டியும் பாலத்தில் வண்டி மணிக்கணக்கில் நகராது. முதியவர்களுக்குப் பெட்டியோடு ஏறி இறங்குவது பெரும் சிரமம். பல பேருந்துகளில் கழிப்பறை கிடையாது. இரு நாடுகளுக்கும் மின்னணு வருகைப் படிவத்தை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பிவிட வேண்டும். வரிசையில் நின்றபடி கைபேசியில் நிரப்புகிறவரால் மொத்தக் கூட்டமும் தாமதப்படும். இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்க 4 கிலோமீட்டர் ரயில்பாதை தயாராகிறது. தினமும் வேலைக்கு எல்லை தாண்டுகிற லட்சக்கணக்கானோருக்கு அது பெரிய ஆறுதல். அவர்களுக்கு இந்த வரிசை தண்டனைதான். விடுமுறைக்குப் போகிறவர்கள் கதை வேறு.

ஆகவே நண்பர்களோடு அந்தப் பக்கம் போகத் திட்டமிடும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோலாலம்பூரில் போய் இறங்குங்கள். திரும்பும் விமானத்தைச் சிங்கப்பூரிலிருந்து எடுங்கள். நடுவில் வார நாளாகப் பார்த்து, ஒரு முழுப் பகலைப் பேருந்துக்கு ஒதுக்குங்கள்.