ஒரு மரமும் நான்கு கோடுகளும்
(ஆரியசாலையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாச் சொற்பொழிவு)



ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். அவர்களுள் குமாரசுவாமி வீற்றிருப்பது நம் ஆரியசாலைக் கோயிலில். 1956-இல் கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்த பின்னரும் இவ்வழக்கம் தொடர்கிறது. கலைமகள் விழாவோடு தொடர்புடைய இவ்விடத்தில் எழுத்தைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்டது சீன எழுத்து. தமிழ்ச் சங்கத்தில் சீனம் எதற்கு என்று சிலர் வியக்கலாம். பிறர் தம் எழுத்தைக் காக்கும் வகையையும் இழக்கும் வகையையும் கண்டால், நம் நிலை நமக்கே விளங்கும்.

சீனர் நமக்கு முற்றிலும் அயலாரல்லர். இந்நாட்டு அடுக்களைகளில் சீனச்சட்டியும் சீனப்பரணியும் இன்றும் அப்பெயரோடே வழங்குகின்றன. கொல்லத்துத் துறைக்குச் சீனக் கப்பல்கள் வந்து சென்றன. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-இல் தமிழர் சிவபெருமானுக்குக் கோயில் கண்டு கல்வெட்டுப் பொறித்தனர். தமிழ் வரிகளின் இறுதியில் சீன எழுத்துகளும் உள்ளன. 1409 என ஆண்டு பொறித்த செங் ஹோவின் கல்வெட்டு இலங்கையின் காலி நகரில் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் அக்கல்லில் அருகருகே நிற்கின்றன.

இனி ஓர் எழுத்தைக் கற்போம். குழந்தைகளே, விரலால் காற்றில் எழுதுங்கள். இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு. அதன் நடுவைக் கடந்து மேலிருந்து கீழாக ஒரு நெடுங்கோடு. இரண்டும் சேருமிடத்திலிருந்து இடப்புறம் சரியும் ஒரு கோடு. பின் வலப்புறம் சரியும் ஒரு கோடு. கிளையும் அடிமரமும் வேரும் தோன்றிவிட்டன. இதுவே 'மரம்' எனும் எழுத்து. சீனர் இதனை 'மூ' என்று ஒலிப்பர். கோடுகளின் வரிசை மாறலாகாது. நான்காகப் பகுத்த கட்டங்களில் ஒரே எழுத்தைப் பன்முறை எழுதிக் கை பழகுகிறது.

எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது; பயன்படுத்தவும் தெரிய வேண்டும். அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சிறு கோடு இட்டால் 'வேர், மூலம்'. மரத்தின் பக்கத்தில் மனிதனை நிறுத்தினால் 'ஓய்வு'. 'வேலை' என்னும் எழுத்தைத் தொடர்ந்து எழுதினால் 'தச்சு வேலை'. இரு மரங்கள் சேர்ந்தால் 'காடு'. அவ்வாறு சேரும்போது இடப்பக்கத்து மரம் தன் கடைசிக் கோட்டைச் சுருக்கி அடுத்த மரத்திற்கு இடம் விடுகிறது. சுருக்கினாலும் அது மரமே. தன் வடிவை இழப்பதில்லை. மலையாள நாட்டில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மலையாளம் நமக்கு வாழ்வளிக்கும் மொழி. அதற்கு இடம் விடுவது கடமை. அதற்காகத் தமிழை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை.

நிற்க. 1988-இல் சீன அரசு வெளியிட்ட பட்டியலின்படி அன்றாட வழக்கிலுள்ள எழுத்துகள் 3500. இவ்வளவையும் பாடுபட்டுக் கற்ற மக்களே இன்று மறக்கின்றனர். கைபேசியில் உரோம எழுத்தால் ஒலியைத் தட்டினால் சீன எழுத்துகள் வரிசையாகத் தோன்றும்; வேண்டியதைத் தொட்டால் போதும். கண் அடையாளம் காண்கிறது; கை மறந்துவிடுகிறது. எழுதுகோலை எடுத்தால் எழுத்து மறக்கிறது என்று அவர்களே ஒரு தொடர் வழங்குகின்றனர். இக்கவலையினிடையே 2013-இல் சீனத் தொலைக்காட்சி சொல்வதெழுதுதல் போட்டி ஒன்றையே நடத்தியது.

நம் எழுத்துகளோ 247. அவற்றிலும் உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர்ந்த 31-ஐயும், உயிர்மெய்க் குறிகளையும் அறிந்தால் மற்றவை கைவசமாகும். இருந்தும் நம் வீடுகளில் நிகழ்வது என்ன? பிள்ளைகள் தமிழில் பேசுகின்றனர், பாடுகின்றனர். ஊரிலுள்ள பாட்டிக்கு 'நலமா' என்று எழுத ஆங்கில எழுத்தைத் தேடுகின்றனர். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனுக்குத் தமிழ் எழுத்து வராது. இடையில் அறுவது உறவு அன்றோ?

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. விசயதசமியன்று அரிசியில் எழுதிய விரல் அத்தோடு ஓய்ந்துவிடலாகாது. வாரம் ஒரு முறை, வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்குத் தமிழில் தன் கையால் ஓர் அஞ்சலட்டை எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்திக்கொள்ளலாம். பெற்றோரும் உடன் அமர்ந்து எழுதுவார்களாயின் இன்னும் நன்று.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!