முன் வரிசை
(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கல்வியைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நாம் நாற்காலியைப் பற்றி, அதிலும் முன் வரிசை நாற்காலியைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இதனைச் சிறிய செய்தி என்று எவரும் எண்ண வேண்டா.

நம் ஊர்த் திருவிழாக்களில் இரவில் தெருக்கூத்து நடைபெறும். பந்தற்கால் நட்டவர் நம்மவர். பறையறைந்து ஊரைக் கூட்டியவர் நம்மவர். விடிந்தபின் அவ்விடத்தைப் பெருக்கியவரும் நம்மவரே. ஆனால், கூத்துப் பார்க்க நமக்கு விடப்பட்ட இடமோ பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஒளி தேய்ந்து போகும் ஓரம். அங்கிருந்து பார்த்தால் வேடக்காரரின் கிரீடம் மின்னுவது தெரியும், முகம் தெரியாது. காற்று நம் பக்கம் வீசினால் பாட்டுக் கேட்கும். விடிய விடிய விழித்திருந்தும், கதையின் பாதியை மறுநாள் பிறரிடம் கேட்டே அறிந்தோம்.

பின்னர் டூரிங் டாக்கீஸ் வந்தது. அங்கே முன் வரிசை நமக்குத் தாராளமாகக் கிடைத்தது! ஏனெனில், திரைக்கு அருகில் இருந்தது மணல் தரை. குறைந்த கட்டணமும் அதற்கே. நாற்காலிகள் பின்னால் இருந்தன. கூத்தில் முன்னிடம் பெருமை. டாக்கீசில் பின்னிடம் பெருமை. பெருமையின் திசை மாறிற்று. நம் இடம் மாறவில்லை. ஆகவே, இன்னார் இங்கே அமர்க என்று வகுக்கும் அதிகாரம் எவர் கையில் இருக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவராக இருந்தபோது, வகுப்பின் மூலையில் தனியாகக் கோணிமேல் அமர்த்தப்பட்டார். அக்கோணியையும் மாலையில் அவரே வீட்டுக்குச் சுமந்து செல்ல வேண்டும். அதே சிறுவர் 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இரட்டைமலை சீனிவாசனாருடன் சமமாக அமர்ந்து நமக்காக வாதிட்டார். மூலையிலிருந்து மேசைக்கு அவரைக் கொண்டு சென்றது கல்வியும், அஞ்சாமையும்.

அவர் தலைமையில் ஒரு குழு வரைந்த அரசமைப்புச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆம் பிரிவு, கடைகளையும் உணவு விடுதிகளையும் கூறுவதோடு நில்லாமல், பொதுக் கேளிக்கை இடங்களையும் எடுத்துக் கூறி, சாதியின் பேரால் எவரையும் அங்கே தடுக்கலாகாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. எனவே, நாடகமானாலும் விளையாட்டானாலும் பொதுமக்களுக்குரிய இருக்கை நமக்கும் உரியது. அது எவரும் இடும் பிச்சை அன்று.

எனினும், ஏட்டிலுள்ள உரிமை தானே வந்து நாற்காலியில் அமராது. 2020-இல் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நம் குலத்துப் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட செய்தி நாடெங்கும் பரவியது. தலைவராயிருந்தும் தரை! இதனை மறக்கலாமா?

இளைஞர்களே, ஒன்றை மனம் திறந்து சொல்லுகிறோம். இன்று எவரும் தடுக்காத கூட்டங்களிலும் நம் பிள்ளைகள் பின் வரிசையைத் தேடிப் போகிறார்கள். முன்னே இடம் காலியாய்க் கிடக்க, கதவோரம் நிற்கிறார்கள். பாட்டன் கூசிய கூச்சம் பேரன் காலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்னே அமர்ந்தவனுக்கே பேசுவோரின் முகக்குறிப்பும் தெரியும். நாயனக்காரரின் விரல் ஓட்டமும் தெரியும். ஐயம் எழுந்தால் எழுந்து கேட்கவும் துணிவு பிறக்கும். அதுவும் கல்வியே.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். நம் சங்க விழாக்களில் முதல் வரிசையை யாருக்கு ஒதுக்குகிறோம்? காலந்தாழ்ந்து வரும் பிரமுகருக்கு நாற்காலிகள் காத்துக்கிடக்க, பிள்ளையின் பரிசைக் காண வந்த தாய் இடுப்பில் குழந்தையோடு பின்னால் நிற்பதை நாமே கண்டிருக்கிறோம். பிறர் நமக்குச் செய்ததை நாம் நம்மவருக்குச் செய்யலாகாது. இனிவரும் ஆண்டு விழாக்களில் முதல் வரிசை, பரிசு பெறும் பிள்ளைகளின் பெற்றோருக்கும், விடியுமுன் துடைப்பம் ஏந்தி ஊரைத் தூய்மை செய்யும் நம் தொழிலாளத் தோழர்களுக்கும் உரியதாகட்டும். பிரமுகர் அவர்களுக்குப் பின்னே அமர்ந்தால் அவருடைய பெருமை குறையாது.

பின்னால் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே! இதோ, முன்னே நான்கு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. வந்து அமருங்கள், அமர்ந்தபின் நம் உரையை முடித்துக்கொள்கிறோம்.

ஜெய் பீம்!